அம்புக்குறிகள் நடுங்குவதில்லை

"எல்லாரும் ஒண்ணுல வரையறாங்க. இவ மட்டும் எதுக்கு வேறொண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறா?"

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே என்னை நிறுத்திவைத்து ஷிஜாவின் முதலாளி யூசுப் இக்கா கேட்ட கேள்வி இது. ஷிஜாவின் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் படம் வரைய ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருள் இருக்கிறது என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன். தெரியாது இக்கா என்று சொல்லிவிட்டு நழுவினேன். பதில் எனக்குக் கிடைத்தபோது கேட்டவருக்கு அது பயன்படாமல் போயிருந்தது.

ஷிஜாவின் அப்பா வன்னியபெருமாள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவர். தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு ஓட்டலில் டீ மாஸ்டர். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் கயிறு போலத் தொங்கும் டீ. ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம். ஷிஜா பிறந்து சில வருடங்களுக்குப் பிறகு அந்தக் கயிறு ஆடத் தொடங்கியது. முதலில் ஓரிரு சொட்டு வெளியே விழுந்தது. பிறகு டம்ளரே தவறியது. சும்மா தொங்கவிட்டிருக்கும்போது கை அமைதியாகத்தான் இருக்கும். எதையாவது எடுக்கப்போனால், பிடித்தால், நீட்டினால் நடுங்கும்.

கை நடுங்குகிற ஓட்டல்காரனைப் பற்றி யாரும் இரண்டாவதாக ஒன்றை யோசிப்பதில்லை. "காலையிலேயே வீசிட்டு வந்திருக்கான்" என்றார் முதலாளி, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. வீசுவது என்றால் இந்த ஊரில் குடிப்பது. வன்னியபெருமாள் வாழ்க்கையில் கள்ளைத் தொட்டதில்லை. ஊரில் அவருடைய அப்பா குடித்தே வயலை விற்றவர், அந்த வெறுப்பு. ஆனால் அதை எத்தனை பேரிடம் போய்ச் சொல்ல முடியும்? டீ மாஸ்டர் பாத்திரம் கழுவப் போனார். பாத்திரமும் உடைந்தது. கடைசியில் அதே தெருவில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கேட்டைத் திறக்கவும் மூடவும் நடுக்கம் தடையில்லை.

ஷிஜா எட்டாம் வகுப்பில் படிக்கும்போது அவளுடைய கையும் ஆடியது. அறிவியல் நோட்டில் அவள் வரைந்த தவளையைப் பார்த்து டீச்சர், "இதெந்தா மோளே, கோழி கிளறினதா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். அம்மா மாடம்மாள் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, இங்க பாரு. உனக்குக் கை நடுங்குதுன்னு வெளிய ஒரு சொல்லு போகக்கூடாது. உங்க அப்பாவைக் குடிகாரன்னுட்டாங்க. உன்னையும் சேத்து என்ன சொல்லுவாங்களோ. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா?"

"டாக்டர்ட்ட போலாம்மா."

"போனா சீட்டுல எழுதுவாங்க. எழுதினா நாலு பேருக்குத் தெரியும்."

அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். யாராவது டீ கொடுத்தால் "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல். மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காதே, மேசையில் வை, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எழுதும்போது இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திக்கொள், யாராவது கேட்டால் சுளுக்கு என்று சொல். ஷிஜா இதையெல்லாம் பாடத்தைவிட நன்றாகப் படித்துக்கொண்டாள். அவளுக்கு எப்போதும் சுளுக்கு என்று பள்ளியில் ஒரு பேச்சே இருந்தது.

பத்தாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்தில் இங்க்ஸ்கேப் வந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் எல்லாம் இலவச மென்பொருளில்தான் ஓடும். படம் வரைய இங்க்ஸ்கேப். கோடு, வட்டம், பூ, பெயர்ப் பலகை என்று என்ன வேண்டுமானாலும் அதில் வரையலாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஷிஜாவோடு உட்கார்ந்த பெண் மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சம் இருந்தது கீபோர்டு. வேறு வழியில்லாமல் ஷிஜா அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டினாள். திரையில் இருந்த சதுரம் நேராக, துளிகூட ஆடாமல், வலப்பக்கம் நகர்ந்தது.

அவள் மறுபடி தட்டினாள். மறுபடி நேராக நகர்ந்தது. விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது, விசை ஆடவில்லை.

அதன் பிறகு அவளை லேபிலிருந்து வெளியே அனுப்புவது கஷ்டமாகிவிட்டது. மவுஸால் எங்கேயாவது கோணல்மாணலாக ஒரு புள்ளியைப் போட்டுவிட்டால் போதும். டேப் விசையால் அந்தப் புள்ளியைப் பிடிக்கலாம், அம்புக்குறியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தலாம், சதுர அடைப்புக்குறி விசையால் திருப்பலாம். விரல் தெரியாமல் நீடித்து அழுத்திவிட்டாலும் விசை மேலும் மேலும் ஓடாதபடி கம்ப்யூட்டரில் ஒரு மாற்றம் செய்துகொள்ளலாம் என்பதையும் கண்டுபிடித்தாள். அந்த வருடம் பள்ளி ஆண்டு விழா மேடையின் பின்னால் தொங்கிய மயில் அவள் வரைந்தது. தோகையில் ஒரு கோடுகூடத் தவறவில்லை. "இது சுளுக்குக்காரியா வரைஞ்சா?" என்று பிள்ளைகள் நம்பாமல் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

பிளஸ் டூ முடித்ததும் யூசுப் இக்காவின் கடையில் சேர்ந்தாள். கிழக்கேகோட்டை பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு சந்தில் இருந்தது கடை. பெயர்ப் பலகை, வண்டி ஸ்டிக்கர், கல்யாணக் கார்டு. யூசுப் இக்காவுக்கு எதில் வரைகிறாள் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. "நீ அடுப்புக்கரியால வேணும்னாலும் வரை மோளே. நம்ம கட்டிங் மெஷினுக்குப் புரிஞ்சா மதி" என்பார். போதும் என்பதை அவர் மதி என்றுதான் சொல்லுவார்.

இந்தக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வரைபவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கும். பலகைக்கோ கார்டுக்கோ சொல்ல வந்தவர் அதில் உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம், இதைக் கொஞ்சம் பெரிசா என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் கண்முன்னால் மாற்றிக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு அந்த ஸ்டூல் தொல்லை. ஷிஜாவுக்கு அது திருவிழா. கீபோர்டு மேசைக்குக் கீழே இழுப்புப் பலகையில் இருந்தது. அவளுடைய கைகள் அங்கே யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடந்தன. மேலே திரையில் எழுத்துகள் வரிசையாக நகர்ந்து நின்றன. "மவுஸைத் தொடாமலே வரைக்குதே இந்தக் குட்டி!" என்று ஸ்டூலில் இருந்தவர்கள் வாய் பிளந்தார்கள். அவளுடைய கையைப் பார்க்காமலே ஊர் அவளைப் பாராட்டியது அங்கே மட்டும்தான்.

இப்படி ஆறு வருடம் போனது. பிறகு விஜய்குமார் வந்தார்.

விஜய்குமார் பாறசாலைக்காரர். பெங்களூரில் பெரிய விளம்பரக் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். யூசுப் இக்காவோடு பங்கு சேர்ந்து கடையை அகலப்படுத்தினார். புது மேசைகள், புது கம்ப்யூட்டர்கள், இன்னும் இரண்டு வரைகலைப் பையன்கள். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் அது பொய். எல்லாருக்கும் மத்தியானம் சாப்பிட நேரம் வேண்டும் என்று சொன்னவரே அவர்தான். அவருக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். எல்லாரும் இல்லஸ்ட்ரேட்டர் என்ற, காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளில் வரைய வேண்டும். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதில்தான் வரைகிறார்கள், பெரிய கம்பெனிகள் அந்த பைலைத்தான் கேட்கும்.

"ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் அதே பைலைத் திறந்து வேலையைத் தொடரணும், ஷிஜா. நீ மட்டும் தனித் தீவு மாதிரி இருந்தா எப்படி?"

அதில் தப்பென்ன? ஷிஜாவுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஒருநாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து இல்லஸ்ட்ரேட்டரைத் திறந்து பார்த்தாள். அதிலும் விசைகள் இருந்தன. ஆனால் அவள் விரல்களுக்குத் தெரிந்த விசை ஒவ்வொன்றும் அங்கே வேறு எதையோ செய்தது. திருப்ப நினைத்தால் திரும்பவில்லை, பிடிக்க நினைத்த புள்ளி பிடிபடவில்லை. புதிதாகப் பழகும்வரை மவுஸைத்தான் நம்ப வேண்டும். மவுஸைப் பிடித்தாள். திரையில் அம்பு, கொசு போல ஒரே இடத்தில் துடித்தது. பக்கத்து மேசைப் பையன் திரும்பிப் பார்த்தான். அவள் சட்டென்று மூடிவிட்டாள்.

மறுநாள் விஜய்குமார் நேராகவே கேட்டார். "எதுக்கு இந்தப் பிடிவாதம்? ஒரு காரணம் சொல்லு, கேக்கிறேன்."

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா சாத்திய கதவு அவளுக்குள் சாத்தியபடியே இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அது யாருக்கும் சொந்தமில்லாத சாப்ட்வேர் சார். எல்லாருக்கும் பொது. எனக்கு அது… ஒரு கொள்கை."

விஜய்குமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அட! நம்ம கடையில ஒரு பிரஸ்தானக்காரி இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே. யூசுப் இக்கா, கேட்டீங்களா? நாளைக்கு செக்ரட்டேரியட் முன்னாடி கொடியோட உக்காரப் போறா."

அன்றிலிருந்து அவள் பெயர் சகாவு ஷிஜா. பிரஸ்தானம் என்றால் இயக்கம், சகாவு என்றால் தோழர், இந்த ஊரில் கட்சிக்காரர்களை அழைக்கிற பெயர். "சகாவு, சாயா குடிக்கலாமா, இல்லை அதுவும் யாருக்காவது சொந்தமா?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். இப்போதுதான் குடித்தேன் என்பாள். கேலி அவளுக்குப் பாதுகாப்பாகக்கூட இருந்தது. கொள்கைக்காரியின் கையை யார் பார்க்கப் போகிறார்கள்? யூசுப் இக்காதான் இந்தக் கொள்கையை நம்பவில்லை. அவர் என்னைச் சாலைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டது அந்த நாட்களில்தான்.

அப்போது கல்லாற்றிலிருந்து சரசம்மா வந்தார். பொன்முடிக்குப் போகிற வழியில், ஆற்றோரம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அம்மா. கடைக்குப் பெரிய பலகை வேண்டும். மலை, ஆறு, நடுவே கடையின் பெயர். ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆ மலையைக் கொஞ்சம் அங்ஙோட்டு நீக்கு மோளே. சூரியன் எங்க கடை மேலதான் உதிக்கணும், அடுத்த கடைக்காரன் மேல வேண்டாம்" என்று சொல்லிக் குலுங்கிச் சிரித்தார். ஷிஜா இங்க்ஸ்கேப்பில் மலையை நகர்த்திக் காட்டினாள்.

அன்று பார்த்து வன்னியபெருமாள் வந்தார். ஷிஜா காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போயிருந்தாள். ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்து, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எடுத்து வந்தார். வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போயிருப்பார். விஜய்குமார்தான் மரியாதையாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வன்னியபெருமாள் இரண்டு கையாலும் வாங்கினார். டம்ளர் ஆடியது. டீ மேசைமேல் கொட்டி, சரசம்மாவுக்காக அச்செடுத்து வைத்திருந்த மலைமேல் ஓடியது.

"மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்கம்மா" என்று தோள் துண்டால் துடைத்தார். துடைத்த கையும் ஆடியது. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

அவர் படி இறங்கியதும் விஜய்குமார் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "அப்பன் நல்லா வீசும் இல்லே? இந்த நேரத்துலேயே?"

"எந்தினா மோனே அப்படிச் சொல்றது, பாவம்" என்றார் சரசம்மா.

ஷிஜாவின் கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. இல்லை, அப்பா குடிக்கமாட்டார், அது நடுக்க நோய் என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாருடைய கண்ணும் மேசைக்குக் கீழே இறங்கும். அவள் திரையில் மலையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

குடையை மறந்துவிட்ட வன்னியபெருமாள் திரும்ப வந்து கதவருகே நின்றதை அவள் நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் சண்டை ஏதும் வரவில்லை. சுவர் ஒட்டிய வீடு எங்களுடையது, வந்திருந்தால் கேட்டிருக்கும். மாடம்மாள், "என்ன, அப்பாவும் மகளும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிய?" என்று கேட்டாள். வன்னியபெருமாள் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணுமில்ல. நம்ம பிள்ள ரொம்ப நல்ல பிள்ள. நீ சொல்லிக் கொடுத்தது போலவே வாயைத் தெறக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஷிஜா தாங்கியிருப்பாள். அவர் மெல்லத்தான் சொன்னார்.

"அப்பா…"

"விடு தாயி. எம்பேரு போயி ரொம்ப நாளாச்சு. உம்பேரு போகாமப் பாத்துக்க."

லாட்ஜில் அவரோடு வேலை பார்த்தவர் சஜி. அவர் வெகுநாளாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, ரெண்டெண்ணம் விட்டுப் பாருங்க. கை இரும்பு போல நிக்கும். என் மாமனுக்கும் இதே சூக்கேடுதான்." ரெண்டெண்ணம் விடுவது என்றால் இரண்டு கிளாஸ் குடிப்பது, சூக்கேடு என்றால் நோய். வன்னியபெருமாள் அதைக் கேட்கும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவார். இந்தமுறை எழுந்து போகவில்லை. "நிசமாவா சஜி?" என்று கேட்டாராம்.

அவருடைய கணக்கு எளிமையானது. தன் கை நடுங்கியதால்தான் மகளின் கடையில் குடிகாரன் என்றார்கள். அதே ஆட்கள் முன்னால் ஒரே ஒருமுறை நடுங்காத கையோடு போய் நின்றுவிட்டால் அந்தப் பேச்சு பொய்யாகிவிடும். மகள் வாய் திறக்கவும் வேண்டாம், அவள் பெயர் கெடவும் வேண்டாம். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று குடித்துப் பழகிய எவனுக்கும் உடனே தெரிந்திருக்கும். அவர் குடித்ததே இல்லை. தன் வாயிலிருந்து எப்படி நாறும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்த வாரம் சரசம்மா பலகையை முடிவு செய்ய வருவதாக இருந்தது. விஜய்குமார் ஷிஜாவிடம் சொல்லிவிட்டார்: "அந்த அம்மா முன்னாடி நீ இல்லஸ்ட்ரேட்டர்லதான் மாத்திக் காட்டணும். அன்னைக்கு முடியலைன்னா உன்னை பில் போடுற மேசைக்கு மாத்திடுவேன். எனக்கு வேற வழியில்லை, ஷிஜா."

"இன்னும் ரெண்டு மாசம் தாங்க சார். பழகிடுவேன்."

"ஆறு வருஷமா கம்ப்யூட்டர்ல வரையற பொண்ணுக்கு ரெண்டு மாசமா? கொள்கையைக் கொஞ்சம் ஓரமா வை, ஒரு நாள்ல வந்துடும்."

பில் மேசை என்றால் கையால் எழுதுவது. கையால் பணத்தை எண்ணிக் கொடுப்பது. எல்லார் கண்ணெதிரிலும்.

சரசம்மா வந்தார். தலையில் பூ வைத்து, பலகை முடிந்த கையோடு கோயிலுக்குப் போகும் ஏற்பாட்டில் வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். விஜய்குமார் ஷிஜாவின் பின்னால் நின்றார். ஷிஜா மவுஸின் மேல் கையை வைத்தாள். அது மேசைக்கு மேலே இருந்தது.

"ஆறு கொஞ்சம் இறங்கட்டும் மோளே" என்றார் சரசம்மா.

ஷிஜா ஆற்றைப் பிடித்தாள். அம்பு துடித்தது. ஆறு பாதியில் நழுவி மலைக்கு மேல் ஏறியது. திரும்பப் பிடித்தாள். இந்தமுறை கடையின் பெயர் கோணிக்கொண்டு போனது. "ஐயோ, எங்க கடை ஆத்துல போகுதே!" என்று சரசம்மா விளையாட்டாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. விஜய்குமார், "மெதுவா, மெதுவா" என்றார். மெதுவாகச் செய்தால் நடுக்கம் கூடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் வன்னியபெருமாள் உள்ளே வந்தார். வெளுத்த வேட்டி, பொத்தான் போட்ட சட்டை. கையில் ஒரு தட்டு, தட்டில் விளிம்புவரை நிறைந்த டீ டம்ளர்கள். முக்கில் இருக்கும் டீக்கடையிலிருந்து, பஸ்களுக்கு நடுவே சாலையைக் கடந்து, அப்படியே ஏந்தி வந்திருந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். கண்ணாடி மேசையில் சத்தமே வரவில்லை. பழைய டீ மாஸ்டரின் கை.

ஷிஜா அந்தக் கையையே பார்த்தாள். அவள் நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இப்படி நின்றதில்லை. தன் வேலை, திரை, பின்னால் நிற்கும் ஆள் எல்லாம் அவளுக்கு மறந்துபோனது. அப்பாவுக்குக் குணமாகிவிட்டது என்று ஒரு நொடி நம்பினாள். மறுநொடி அந்த வாடை வந்து மோதியது.

சரசம்மா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"பாருங்க சார்" என்று இரண்டு கைகளையும் நீட்டினார் வன்னியபெருமாள். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா பாருங்க. ஆடுதா? அன்னைக்கு என்னமோ சொன்னியளே. நான் குடிக்கிற ஆளு இல்ல சார்."

பையன்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவன் சிரிப்புச் சத்தம் சந்தில் கேட்டது.

"பெரியவரே, வீட்டுக்குப் போங்க" என்றார் விஜய்குமார். "நிறைய ஏத்தியிருக்கீங்க."

வன்னியபெருமாளின் சிரிப்பு அப்படியே நின்றது. நீட்டிய கைகளும் அப்படியே நின்றன. எங்கே பிசகியது என்று அவருக்குப் புரியவில்லை.

ஷிஜா எழுந்தாள். "சார், அப்பா குடிக்கமாட்டார். இன்னைக்குத்தான்… அது கை நடுங்குற நோய் சார். குடும்பத்துல வர்றது. எனக்கும் இருக்கு. அதான் சார் எனக்கு மவுஸ் பிடிக்க வராது, அதான் நான் இங்க்ஸ்கேப்ல… கீபோர்டு இருந்தா எனக்கு வரும். பாருங்க."

அவளும் கையை நீட்டினாள். அப்பாவின் நடுங்காத கைக்குப் பக்கத்தில் அவளுடைய கை இலை போல ஆடியது.

விஜய்குமார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் இடத்தில் யார் இருந்திருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்? குடிக்கமாட்டார் என்று சொல்லப்பட்டவர் குடித்து நிற்கிறார். நடுங்கும் நோய் என்று சொல்லப்பட்ட கை நடுங்கவில்லை. அவமானத்தில் நிற்கிற ஒரு பெண்ணின் கை நடுங்குகிறது. அது நடுங்காமல் என்ன செய்யும்?

"ஷிஜா" என்றார், கொஞ்சம் இரக்கமாகவே. "போன மாசம் கொள்கைன்னு சொன்னே. இன்னைக்கு நோய்ங்கிறே. அப்பா குடிக்கமாட்டார்ங்கிறே, அவர் குடிச்சிட்டு வந்து நிக்கிறார். எதை நம்பச் சொல்றே? போ, அவரைக் கூட்டிட்டுப் போ. நாளைக்குப் பேசலாம்."

யூசுப் இக்கா அன்று சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். இருந்திருந்தால் நடந்தது மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது.

கிழக்கேகோட்டை பஸ் நிலையம்வரை ஷிஜா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அவர், "ஆடல இல்ல தாயி? நீ பாத்த இல்ல, ஆடவே இல்ல" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "ஆடலப்பா" என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. யூசுப் இக்கா வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். "நோய்னு என்கிட்ட முதல்லயே ஒரு வாக்கு சொல்லியிருந்தா அந்த கீபோர்டுக்குக் கோயிலே கட்டியிருப்பேனே மோளே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டது எங்கள் வீடுவரை கேட்டது. ஆனால் அவளுடைய நாற்காலியில் அதற்குள் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். சரசம்மாவின் பலகையை அவள்தான் முடித்துக் கொடுத்தாள். ஷிஜா இப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்து வைக்கிறாள். மடிப்பு சரியாக வருவதில்லை என்று அங்கேயும் திட்டு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அவள் வரைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

மெடிக்கல் காலேஜுக்கு அவளோடு நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் அவளை ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார், பார்த்தார். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பல குடும்பங்களில் தலைமுறையாக வருவது, முற்றிலும் போகாவிட்டாலும் மாத்திரையால் குறைக்க முடியும், முன்பே வந்திருக்கலாமே என்றார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர்கள் இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஷிஜா மாத்திரையை அப்பாவுக்கும் வாங்கி வந்தாள். வன்னியபெருமாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்.

"எனக்கு மருந்து கெடச்சிட்டு தாயி" என்றார்.

வேலைக்குப் போகுமுன் கொஞ்சம் குடிக்கிறார். குடித்தால் கை நிற்கிறது. நேரமாக ஆக முன்பைவிட அதிகமாக ஆடுகிறது, மறுபடி குடிக்கிறார். ஊர் அவரைப் பற்றி இத்தனை நாளாகச் சொல்லிவந்த பொய் இப்போது உண்மையாகிவிட்டது. மாடம்மாள் எங்கள் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

இதை நான் எழுதியதற்கு ஒரே ஒரு காரணம்தான். இதைப் போன்ற கைகள் வேறு ஓட்டல்களிலும், கட்டட வேலையிடங்களிலும், பள்ளிக்கூடங்களிலும் இருக்கும். அவற்றை ஒளித்துவைக்கச் சொல்லும் அம்மாக்களும் இருப்பார்கள், பார்த்த உடனே குடி என்று சொல்லும் முதலாளிகளும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். மலையாளத்தில் சொன்னாலும் சரிதான். பெயர்களைக்கூட மாற்றிக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.